காலிச் சட்டைக்குள் ஒரு குடல்

குஞ்சு பொரித்த ஆறாம் நாள்

அன்புள்ள அண்ணனுக்கும், இதை உட்கார்ந்து வாசித்துக் காட்டப்போகும் அண்ணிக்கும்,

தங்கை எழுதுவது. நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் நம் பம்ப் அறைக்காரர் போனில் உங்களிடம் ஊதிவிடுவார். அவர் சொன்னால் கை கால் வைத்துச் சொல்வார். நானே சொன்னால் மானம் கொஞ்சமாவது மிஞ்சும்.

மூன்று நாளாகக் கழுத்துப் பிடித்துக்கொள்ள உட்கார்ந்து, முதல் நிலை நண்டுக் குஞ்சு ஒன்றை வரைந்தேன். அசையாமல் கிடந்தது. எவ்வளவு அடக்கமான குஞ்சு என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். கண் இருக்கும் இடத்தில் கறுப்பையே காணோமே என்று ஒரு சந்தேகம் வரத்தான் வந்தது. விளக்கு அதிகம் போலிருக்கிறது என்று விளக்கைக் குறைத்தேன். முள், வால், முடி எல்லாம் துல்லியமாக வரைந்து, நடுவில் குடலும், முதுகுக்குக் கீழே இதயமும் போட்டு, நம் ஆய்வக இயக்குநர் அம்மாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், என் கண்ணாடித் தட்டை வாங்கி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார், திரும்பப் படத்தைப் பார்த்தார். "இது குஞ்சு கழட்டிப் போட்ட சட்டை. இதுக்குள்ள குடல் எங்கேம்மா இருந்துச்சு?" என்று கேட்டார். "பழக்கத்துல வந்துடுச்சு மேடம்" என்றேன். இருபத்திரண்டு வருட சர்வீஸில் நான் சொன்ன மிக உண்மையான பதில் அதுதான். அந்தப் படத்தை இப்போது பம்ப் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

பக்கத்து நாற்காலியில் நீங்கள் இருந்திருந்தால் அரை நிமிடத்தில், "ஏம்மா, பொணத்துக்கா படம் போடுறே, அதுவும் பொணம் இல்லாத பாடைக்கு?" என்று கேட்டிருப்பீர்கள். மூன்று நாள் மிச்சமாகியிருக்கும்.

சரி, கட்டளைக்கு வருகிறேன். போனில் சொன்னால் காதோடு போய்விடும், எழுதினால் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம், ஆபரேஷன் கட்டுப் பிரிக்கும் வரை இந்தத் தடவைக் குஞ்சுகளை ஒவ்வொரு நிலையாக எழுதி அனுப்பு என்று சொல்லியிருக்கிறீர்கள். எழுதுகிறேன். அண்ணியும் உடன் கேட்பதால் தெரியாதவர்களுக்குச் சொல்வதுபோலவே சொல்கிறேன். முப்பது வருடம் நண்டோடு குடித்தனம் நடத்தியவரைக் கட்டிக்கொண்டு, நண்டு பிறக்கும்போது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லாதது அநியாயம்.

அண்ணி, பிறக்கும்போது அது நண்டே இல்லை. ஒரு மில்லிமீட்டர் நீளம். கூனிப்போன ஒரு கால்புள்ளிக்கு முள் முளைத்ததுபோல இருக்கும். முன்னால் மூக்கு மாதிரி நீண்ட முள் ஒன்று. முதுகில் பின்னால் வளைந்த முள் ஒன்று. பக்கத்துக்கு ஒன்றாகக் குட்டி முள் இரண்டு. பின்னால் ஒல்லியான வால், நுனியில் கவட்டையாகப் பிரிந்திருக்கும். புத்தகத்தில் ஜோயியா என்பார்கள், நாங்கள் முள்ளன் என்போம். நடக்கக் கால் கிடையாது, கடிக்கக் கொடுக்கும் கிடையாது. நீந்துவதற்கு இரண்டு ஜோடித் துடுப்பு மாதிரி உறுப்பு உண்டு. பெரிதானபின் அந்தத் துடுப்புகள் வாய்ப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு, மெல்லுகிற வேலையை மட்டும் பார்க்கும். ஓய்வு பெற்றபின் என் வீட்டுக்காரருக்கும் இதேதான் நடந்திருக்கிறது.

அந்தத் துடுப்பின் நுனியில் இருக்கும் முடியை எண்ணித்தான் எந்த நிலை என்று சொல்வோம். முதல் நிலையில் நான்கு. அடுத்ததில் ஆறு. உங்கள் வீட்டுக்காரர் முப்பது வருடமாகச் சம்பளம் வாங்கியது இந்த முடியை எண்ணித்தான். வெளியே சொல்லிவிடாதீர்கள்.

நேற்று முன்தினமே எல்லாம் சட்டை உரித்து இரண்டாம் நிலைக்கு வந்துவிட்டன. முதல் நிலையில் கண் தலையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது. இப்போது காம்பில் ஏறிவிட்டது, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்க்கிறது. முதல் நிலை முழுக்க ஒரே திசையைப் பார்த்தவன் திடீரென்று உலகத்தைச் சுற்றிப் பார்ப்பதைக் காண... பார்த்தீர்களா அண்ணா, கண் பேச்சே எடுக்கக் கூடாது என்று சபதம் போட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இந்தப் பிராணியிடம் கண்ணை விட்டால் பேசுவதற்கு மீதி என்ன இருக்கிறது?

அண்ணி, இந்த இடத்தில் நிறுத்துங்கள். அடுத்த பத்தி உங்களுக்கு மட்டும். சும்மா மூக்கைச் சிந்துவதுபோல மனதுக்குள் வாசித்துவிட்டு மேலே போங்கள். நேற்று ஒருவர் டேப்போடு வந்து அண்ணனின் மேசையை அளந்துவிட்டுப் போனார். கேமரா வைத்த எண்ணும் இயந்திரம் வரப்போகிறதாம். அண்ணன் வந்துவிடுவார், மூன்று வாரம்தான் என்று நான் இயக்குநர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். மூன்று வாரம்தானே? ஆபரேஷன் முடிந்து டாக்டர் உண்மையில் என்ன சொன்னார் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள்.

அண்ணா, இங்கே எல்லாரும் நலம். உங்கள் நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. என் கைப்பைதான் உட்கார்ந்திருக்கிறது. கண்ணைக் கசக்காதீர்கள்.

அன்புடன்,
தங்கை


பதினைந்தாம் நாள்

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

உங்கள் பதில் அண்ணியின் கையெழுத்தில் வந்து சேர்ந்தது. அழகான கையெழுத்து, அதற்குள் உங்கள் திட்டு மட்டும் அப்படியே உங்கள் குரலில் இருந்தது.

மாட்டிக்கொண்டேன். "'மீதி என்ன இருக்கிறது'ங்கிறதுக்கும் 'இங்கே எல்லாரும் நலம்'ங்கிறதுக்கும் நடுவுல இவ பதினெட்டு எண்ணுற நேரம் சும்மா இருந்தா. அங்க ஒரு பத்தி இருக்கு. இனிமே நிறுத்தாம வாசிக்கிற மாதிரி எழுது" என்று சொல்லி எழுதவைத்திருக்கிறீர்கள். முடி எண்ணிய ஆளிடம் மூச்சு எண்ணக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்பது எனக்குத் தோன்றாமல் போயிற்று. மறைத்தது இவ்வளவுதான்: உங்கள் மேசையை அளந்துகொண்டு போனார்கள். இன்னும் ஒன்றும் வரவில்லை. போதுமா?

மூன்றாம் நிலையில் ஏழு முடி என்று நான் போனில் சொன்னதற்கு, "எட்டு. தட்டைத் திருப்பிப் போட்டு எண்ணு, ஒண்ணு ஒண்ணுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும்" என்று எழுதியிருந்தீர்கள். திருப்பிப் போட்டேன். எட்டு. நானூறு மைலுக்கு அந்தப் பக்கம், கட்டுப் போட்ட கண்ணோடு படுத்துக்கொண்டு என் பிழையைப் பிடித்ததை இயக்குநர் அம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். சிரிக்கிற முகம் இல்லை அது, ஆனாலும் சிரித்தார்.

இப்போது நான்காம் நிலை முடிந்து ஐந்தாவதுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அண்ணி, இந்த நிலையில்தான் இவன் வேறு யாரோ ஆகப்போகிறான் என்பது தெரிய ஆரம்பிக்கும். வாலின் அடியில் கணுவுக்கு ஒரு ஜோடியாகச் சின்ன மொட்டுகள் புறப்படும். மார்புக்குக் கீழே நடக்கும் கால்கள், மடித்து வைத்த குடை மாதிரி ஓட்டுக்குள் சுருண்டிருக்கும். முன்னால் ஒரு ஜோடி மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் தடியாக இருக்கும். அதுதான் கொடுக்கு. இன்னும் ஒரு வேலைக்கும் ஆகாது. கல்யாணத்துக்கு எடுத்த பட்டுவேட்டி மாதிரி பெட்டிக்குள் இருக்கிறது, அவ்வளவுதான்.

பாதிக்கு மேல் போய்விட்டன. மறைக்கவில்லை பாருங்கள். காலையில் தொட்டியின் ஒரு மூலையில் விளக்கைக் காட்டினால், தெம்பு இருக்கிறவை வெளிச்சத்துக்கு வந்து கூடும். மற்றவை அடியில் படிந்துவிடும். வந்தவற்றை மட்டும் முகந்து புதுத் தண்ணீருக்கு மாற்றுகிறேன். அடியில் கிடப்பதை உறிஞ்சி எடுக்கும்போது பம்ப் அறைக்காரர் பாட்டுப் பாடுகிறார். எதற்கு என்று கேட்டால், "அழுதா உங்களுக்குப் புடிக்காதே" என்கிறார்.

வரும் வியாழன் கட்டுப் பிரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பிரித்ததும் முதலில் என் கையெழுத்தைப் பார்க்க வேண்டாம், அண்ணியின் முகத்தைப் பாருங்கள். நண்டு ஆகும்போது நீங்கள் இங்கே இருக்கலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். காத்திருக்கச் சொல்கிறேன். கேட்பார்களா தெரியவில்லை.

அண்ணி, நீங்கள் கேட்ட ஸ்வெட்டர் பின்னல் கணக்கைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
தங்கை


தனித்தாள்

அண்ணி,

ஸ்வெட்டர் கணக்கு எனக்குத் தெரியாது என்பது அண்ணனுக்கும் தெரியும். வேறு பொய் அவசரத்துக்குக் கிடைக்கவில்லை.

உறைக்குள் நீங்கள் மடித்து வைத்திருந்த சீட்டைப் படித்தேன். படித்துவிட்டுப் போய்த் தொட்டி கழுவினேன். கழுவிய தொட்டியையே திரும்பவும் கழுவினேன். வலது கண் போய்விட்டது, இடதில் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தங்கும், கட்டுப் பிரித்தாலும் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அதைச் சொல்லிவிட்டு, வியாழக்கிழமை வரை அவர் சந்தோஷமாக இருக்கட்டும், நீயும் வாயைத் திறக்காதே என்று எழுதியிருக்கிறீர்கள். வாயைத் திறக்காமல் இருப்பதில் எனக்கு அனுபவம் உண்டு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு வாடிவிட்டது, முன்பே வந்திருந்தால் நிறுத்தியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். "ரெண்டு வருஷம் முன்னாடி" என்று சொன்னாரா? அல்லது "ரொம்ப முன்னாடி" என்று பொதுவாகச் சொன்னாரா? நன்றாக நினைவுபடுத்தி எழுதுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.


இருபத்தெட்டாம் நாள்

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணி, இந்தக் கடிதத்தில் விட்டுவிட்டு வாசிக்க ஒன்றும் இல்லை. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை சத்தமாக வாசியுங்கள். உங்களுக்கே கோபம் வரும் இடத்திலும் நிறுத்தாதீர்கள். அவர் எண்ண ஆரம்பித்துவிடுவார்.

வியாழக்கிழமை நடந்ததை அண்ணி எழுதியிருந்தார். கட்டைப் பிரித்தபின் நீங்கள் விளக்கைப் போடச் சொன்னதாகவும், விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது என்றும், நீங்களே புரிந்துகொண்டு, "சரி" என்றதாகவும் எழுதியிருந்தார். பிறகு டாக்டர் டார்ச்சை அடித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொண்டுபோனபோது உங்கள் முகம் அதன் பின்னாலேயே திரும்பியதாம். அதைப் படித்தபோது ஆய்வகத்தில் யாரும் இல்லை. வெளிச்சத்துக்கு வருகிறவனைத் தேறினவன் என்று சேர்த்துக்கொள்வதுதான் நம் தொட்டி வழக்கம் என்று உரக்கச் சொன்னேன். கேட்க ஆள் இல்லாததால் அது நகைச்சுவையா வேறு ஏதாவதா என்று எனக்கே தெரியவில்லை.

அதே நாள் மாலை நீங்கள் அண்ணியிடம், "மெகலோபா வந்துடுச்சான்னு கேட்டு எழுது" என்று சொன்னீர்களாம். வந்துவிட்டது அண்ணா.

ஐந்தாம் நிலையிலிருந்து மெகலோபாவாக வெளியே வரும் அந்தச் சட்டை உரிப்பு எவ்வளவு மோசமானது என்பது உங்களுக்குத் தெரியும். அண்ணிக்காகச் சொல்கிறேன். அதுவரை பெட்டியில் இருந்த கொடுக்கு உள்ளேயே பெரிதாகிவிடும். சிலவற்றுக்கு அளவுக்கு மேல் பெரிதாகிவிடும். தலை வந்துவிடும், உடம்பு வந்துவிடும், கொடுக்கு மட்டும் பழைய சட்டைக் கைக்குள் மாட்டிக்கொள்ளும். இழுத்து இழுத்துப் பார்த்து, பாதி வெளியே பாதி உள்ளே என்று அப்படியே நின்றுபோகும். இந்தத் தடவை அப்படி நிறைய. ஊசியால் எடுத்துவிடலாமா என்று ஒன்றில் முயன்றேன். கொடுக்கு என் ஊசியோடு வந்துவிட்டது.

தப்பி வந்தவை நன்றாக இருக்கின்றன. முதுகு முள் போய்விட்டது, பக்க முள்ளும் போய்விட்டது. உடம்பு தட்டையாகி, நண்டும் இறாலும் கல்யாணம் செய்துகொண்டு பெற்ற பிள்ளை மாதிரி இருக்கிறது. முன்னால் கொடுக்கு, பக்கத்தில் நடக்கும் கால், ஆனால் பின்னால் வால் இன்னும் நீட்டிக்கொண்டு, அதன் அடியில் இருந்த மொட்டெல்லாம் துடுப்பாக விரிந்து நீந்துகிறது. துடுப்பாக இருந்த பழைய உறுப்புகள் வாய்க்குப் போய்விட்டன. கொடுக்கு வந்த கையோடு பக்கத்தில் இருப்பவனைப் பிடித்துத் தின்னவும் பழகிவிட்டார்கள். பெரிய கண் என்றுதான் மெகலோபா என்ற பெயருக்கு அர்த்தம் என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். உண்மையிலேயே தலைக்குப் பொருத்தமில்லாத கண். இம்முறை கண்ணைப் பற்றி எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை.

நேற்று முதல் நண்டு வந்தது. உரித்துக்கொண்டு வெளியே வந்ததும், இத்தனை நாள் பின்னால் நீண்டு கிடந்த வாலை வயிற்றுக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டது. பிறகு பக்கவாட்டில் நாலு அடி நடந்தது. சின்ன மிளகு அளவுதான். யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இன்று காலை வரை முப்பத்தேழு.

இனி நான் சொல்ல வேண்டியது.

டாக்டர் "ரெண்டு வருஷம்" என்றுதான் சொன்னார் என்று அண்ணி எழுதிவிட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் நீங்கள் டீயைக் கிளாஸுக்குப் பக்கத்தில் மேசையில் ஊற்றினீர்கள். "கை வழுக்கிடுச்சு" என்றீர்கள். நான், வயசாயிடுச்சு அண்ணே, அடுத்து அண்ணி தலையில ஊத்தப்போறீங்க என்று சொல்லிச் சிரித்துவிட்டுத் துடைத்தேன். அடுத்த நாளிலிருந்து நான்தான் ஊற்றினேன். வலது பக்கக் கதவு நிலையில் நீங்கள் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தபோது, உங்களுக்குத் தோள்பட்டை வலி என்று கேட்காத ஆளுக்கெல்லாம் நான்தான் சொல்லி வைத்தேன். ஆய்வகத்தின் வருடாந்தரக் கண் பரிசோதனை நினைவிருக்கிறதா? என் முறை முதலில் வந்தது. நான் போய்விட்டு வந்தபோது நீங்கள் பாதி விளையாட்டாக, "கடைசி ரெண்டு வரி என்னன்னு சொல்லு, கண்ணாடிய வீட்டுல வச்சுட்டேன்" என்றீர்கள். கண்ணாடி உங்கள் சட்டைப் பையில் தெரிந்தது. நான் எழுத்துகளை ஒப்பித்தேன். நீங்கள் உள்ளே போய் ஒரு எழுத்து பிசகாமல் சொல்லிவிட்டு வந்தீர்கள். வெளியே வந்து இரண்டு பேரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம். போன வருடமும் அதையே செய்தோம். போன வருடம் நீங்கள் கேட்கவில்லை. நானே வந்து சொன்னேன்.

உங்கள் நாற்காலி போய்விடக் கூடாது என்று செய்தேன். உங்களுக்காக என்றுதான் இவ்வளவு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்து நாற்காலி காலியானால் நான் யாரோடு பேசுவேன் என்பதும் அதற்குள் இருந்தது. எது பாதி, எது முக்கால் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அண்ணியிடம் போய் இவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்று சொல்லியிருந்தால் போதும். ஊர் வம்பு முழுக்க அளக்கிற இந்த வாயில் அந்த ஒரு சொல் வரவில்லை.

அண்ணி, உங்கள் கால் தெரிந்தால் விழுந்துவிடுவேன். தூரத்தில் இருக்கிறீர்கள்.

அண்ணா, மன்னித்துவிட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். அது உங்களுக்குச் சுலபமாக வரும், எனக்குத் தாங்காது. நன்றாகத் திட்டி எழுதவையுங்கள். கையெழுத்தை மட்டும் நீங்களே போடுங்கள், கோணலாக, தாளை விட்டு வெளியே போனாலும் சரி. வருடக் கடைசியில் பயணம் செய்யலாம் என்று டாக்டர் சொன்னால் ஒரு வாரம் இங்கே வாருங்கள். அதற்குள் நண்டுகள் விரலைக் கவ்வும் அளவுக்கு வளர்ந்திருக்கும். கையில் வைத்துப் பார்க்கலாம். பார்க்கலாம் என்றுதான் எழுதியிருக்கிறேன், அந்தச் சொல்லை அடித்துவிடவில்லை.

இருவரும் நெடுநாள் சுகமாக இருக்க வேண்டும். இந்தத் தங்கையை விட்டுவிடாதீர்கள்.

என்றும் உங்கள்,
தங்கை

பி.கு: இரண்டு வருடமாக நோட்டில் உங்கள் கையெழுத்துக்கு மேலே இருக்கும் முடிக் கணக்குகள் என்னுடையவை. மாலையில் நீங்கள் கிளம்பியபின் திரும்ப எண்ணி, நீங்கள் எழுதியதை அழித்துவிட்டு எழுதினேன்.